ஜூலியன் நாள் கணக்குக்கு ஆஸ்ட்ரோபை: ஒரு சீசன் சூடுபட்டவன் சொல்வது

மொட்டை மாடியில் நின்று விண்மீன்களின் வெளிச்சத்தை மதிப்பிட்டுக் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. ஒளி மாறும் விண்மீன்களைப் பார்த்து அறிக்கை அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்: நோட்டில் இருப்பது "2025 ஜனவரி 10, இரவு 9.40", அறிக்கையில் கேட்பதோ 2460686.1736 மாதிரி ஒரு எண். அதுதான் ஜூலியன் நாள். கி.மு. 4713 ஜனவரி 1 நண்பகலிலிருந்து இதுவரை எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான். மாதம், வருடம், லீப் வருடம் எதுவும் இல்லாததால் இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்றால் ஒரு கழித்தலோடு வேலை முடிந்தது.

இதற்கு முன்னால் ஒரு மொபைல் ஆப் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். தேதியைப் போட்டால் எண் வந்து நிற்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஒரு சீசன் முழுக்க அதை நம்பி அல்கால் குறிப்புகளை மாற்றினேன். அல்கால் ஒரு இரட்டை விண்மீன். ஒன்று மற்றொன்றை மறைப்பதால் 2.867 நாளுக்கு ஒரு முறை மங்கும், மங்கித் திரும்பி வர மொத்தம் 10 மணி நேரம் போல ஆகும். என் புள்ளிகளை வரைந்து பார்த்தபோது பள்ளம் மற்றவர்களுக்கு எல்லாம் ஒரு இடத்தில், எனக்கு மட்டும் வேறு இடத்தில். கண்ணில்தான் கோளாறு, இனி இதெல்லாம் நமக்கு ஆகாது என்று இரண்டு வாரம் நொந்துபோய் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் தள்ளல் எவ்வளவு என்று அளந்தால் 0.229 நாள். 5.5-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், அதேதான் வரும். நான் கொடுத்த இந்திய நேரத்தை ஆப் அப்படியே உலக நேரம் (UTC, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) என்று எடுத்துக்கொண்டிருந்தது, திரையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல். போதாக்குறைக்கு விடையை இரண்டு தசமத்தோடு நறுக்கிவிடும், 0.01 நாள் என்பது 14 நிமிடம் 24 வினாடி.

அந்தக் கோபத்தில் வந்து சேர்ந்ததுதான் ஆஸ்ட்ரோபை. பைதான் மொழியில் வானியலுக்கான இலவச நூலகம், மூலநிரல் திறந்தது. அதில் டைம் என்று ஒரு பகுதி, இந்த விமர்சனம் அதைப் பற்றி மட்டும். பைதான் கொஞ்சம் தெரிந்தால் மூன்று வரி போதும், தெரியாதென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். உண்மையைச் சொன்னால் வெறும் மாற்றத்துக்கு இது தேவையே இல்லை. எக்செல் தேதி எண்ணோடு 2415018.5 கூட்டினால் ஜூலியன் நாள். கணினி 1970 ஜனவரி 1 முதல் எண்ணும் யூனிக்ஸ் வினாடியை 86400-ஆல் வகுத்து 2440587.5 கூட்டினாலும் அதே. எக்செலில் இருப்பது இந்திய நேரமென்றால் 0.22917 கழித்துக்கொள்ள வேண்டும், மறந்தால் என் கதைதான்.

சரி, பிறகு எதற்கு இது? பிடித்த விஷயம், நேரத்தோடு கூடவே அது எந்த வகை நேரம் என்பதையும் இது சுமந்துகொண்டு போகிறது. ஒரு முறை உலக நேரம் என்று சொல்லிவிட்டால் வேறு வகை நேரத்துக்கு மாற்றும்போது லீப் வினாடிகளை (உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் கூடுதல் வினாடிகள்) அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒன்று, நேர மண்டலம் சொல்லாமல் வெறும் எழுத்தாகத் தேதியைக் கொடுத்தால் இதுவும் உலக நேரம் என்றுதான் வைத்துக்கொள்ளும். ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. பைதானின் தேதிப் பொருளில் இந்திய நேர மண்டலத்தை ஒட்டிக் கொடுத்தால் சரியாக ஐந்தரை மணி கழித்துக்கொள்கிறது. நான் இப்போது அப்படி மட்டும்தான் கொடுக்கிறேன்.

துல்லியத்தையும் சொல்ல வேண்டும். இருபத்து நாலரை லட்சத்தைத் தாண்டிய எண்ணை ஒரே தசம எண்ணாகக் கணினியில் வைத்தால் 40 மைக்ரோ வினாடிக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. ஆஸ்ட்ரோபை அதை இரண்டு எண்ணாகப் பிரித்து வைக்கிறது. வெறும் கண்ணால் அல்கால் பார்க்கிற எனக்கு நாலு தசமமே தாராளம், 8.64 வினாடி, சீராகத் துடிக்கும் பல்சார் விண்மீன்களை அளக்கிறவர்களுக்கு இது வேண்டியிருக்கும்.

எனக்கு நிஜமாகப் பயன்பட்டது ஒளிப் பயணத் திருத்தம். நவம்பரில் பூமி சூரியனுக்கு அல்கால் பக்கம் இருக்கும், அப்போது அந்த ஒளி நமக்குச் சீக்கிரம் வந்துவிடும். ஏப்ரலை நெருங்க நெருங்க நாம் விலகிப் போவோம், தாமதமாகும். வித்தியாசம் சூரியனைக் கணக்கின் மையமாக வைத்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏழெட்டு நிமிடம். நாம் நிற்கும் இடத்தையும் விண்மீனின் இடத்தையும் கொடுத்தால் அதையும் போட்டுக் கொடுத்துவிடுகிறது. எந்த ஆப்பிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

இதற்கு நடுவே ஒரு சுவையான சங்கதி. ஜூலியன் நாள் நள்ளிரவில் மாறாது, உலக நேரம் நண்பகலில் மாறும். ஐரோப்பாவில் இரவு பார்க்கிறவனுக்கு நடுவில் தேதி மாறக்கூடாது என்பதற்கான வசதி அது. நமக்கு அது மாலை 5.30. காபி குடித்துவிட்டு மாடி ஏறும் நேரத்தில் புது எண் பிறக்கிறது, விடியும் வரை அதே எண். கலிஃபோர்னியாக்காரர்களுக்குக் குளிர்காலத்தில் விடிகாலை 4 மணிக்கு மாறும், பாவம்.

அடுத்தது குறை. 1582-க்கு முந்தைய தேதிகளில் பார்த்து நடக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திபசேகரபுரம் செப்பேட்டில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் காலத்துத் தேதி கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணும் கலி நாள் எண்ணிலேயே இருக்கிறது: 1449087. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே நம் ஆட்கள் நாளை எண்ணியே தேதி போட்டிருக்கிறார்கள்! கலி நாளோடு 588465.5 கூட்டினால் ஜூலியன் நாள் 2037552.5. அதை ஆஸ்ட்ரோபையில் தேதியாக மாற்றினால் 866 ஜூலை 12 என்று வரும். கல்வெட்டு நூல்களின் வழக்கப்படி அது 866 ஜூலை 8, திங்கட்கிழமை. இரண்டும் ஒரே நாள்தான், காலண்டர்தான் வேறு. ஆஸ்ட்ரோபை இன்று நாம் வைத்திருக்கும் கிரிகோரியன் காலண்டரை அது பிறக்காத காலத்துக்கும் பின்னோக்கி இழுக்கிறது, வரலாற்றுக்காரர்கள் 1582 அக்டோபர் 4 வரை அதற்கு முந்தைய ஜூலியன் காலண்டரைத்தான் (ஜூலியன் நாள் எண் வேறு, இது வேறு) எழுதுவார்கள். ஜூலை 8 என்று அப்படியே போட்டு எண் கேட்டால் நாலு நாள் முன்னால் போய் நிற்கும். கல்வெட்டுத் தேதி பார்க்கிறவர்கள் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் இணையதளத்துக்குப் போகலாம், அங்கே 1582 அக்டோபர் 15-க்கு முன்னால் ஜூலியன் காலண்டர்தான். இல்லையென்றால் பழைய இந்தியத் தேதிகளை மாற்ற சுவாமிக்கண்ணுப் பிள்ளை போட்ட அட்டவணைகள் இருக்கவே இருக்கின்றன.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்று குறைத்தது காலண்டருக்காக இல்லை, அது சொல்லிவிட்டுச் செய்கிற காரியம். மாடிக்கு லேப்டாப் தூக்கிக்கொண்டு போக முடியாது, திரை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் போய்விடும். அதனால் இன்றும் சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் இந்திய நேரத்தைத்தான் எழுதுகிறேன், பக்கத்தின் தலையில் "இ.நே." என்று போட்டு, காலையில் கீழே வந்து மாற்றுகிறேன். அந்தப் பழைய சீசன் குறிப்புகளில் இன்னும் முப்பத்தேழு வரி திருத்த வேண்டியிருக்கிறது.