மர லூருக்குக் கண் ஒட்ட சூப்பர் குளூவா, எபாக்சியா?

மரத்தில் செதுக்கிய லூருக்கு, அதாவது தூண்டிலில் மாட்டும் போலி இரை மீனுக்கு, பெயின்ட் அடித்தாயிற்று, இனி கண். ஸ்டிக்கர் கண்ணின் பின்னாலுள்ள பசையை மட்டும் நம்பினால், பாறையில் நாலு முறை இடித்ததும் கண் போய்விடும். வேறு பசை வேண்டும்.

பெவிக்விக் மாதிரியான சூப்பர் குளூ ஈரப்பதத்தால் இறுகுவது. ஒரு சொட்டு, சில நொடி, வேலை முடிந்தது. அந்த வேகமேதான் தொல்லையும்: கண் கோணலாக உட்கார்ந்தால் திருப்ப நேரமிருக்காது. அப்புறம் அதன் ஆவி படிந்து பளபளக்கும் கண் வெள்ளை பூத்துவிடும். கண்புரை வந்த மீன் போலிருக்கும். குழிக்கும் கண்ணுக்கும் இடைவெளி இருந்தால் சரியாகப் பிடிக்காது, அடியும் தாங்காது. ஜெல் வகை கொஞ்சம் பரவாயில்லை.

அரால்டைட் போன்ற இரு டியூப் எபாக்சி நிதானமான ஆள். ஐந்து நிமிட வகையே போதும். ரெசினையும் ஹார்டனரையும் சம அளவில் நன்றாகக் கலக்க வேண்டும். அளவு தப்பினால் கடைசிவரை பிசுபிசுப்புதான். பல்குச்சி நுனியால் குழியில் ஒரு பொட்டு வைத்து, கண்ணைச் சாய்த்து இறக்கி அழுத்தினால் காற்று வெளியேறிவிடும். பிதுங்கியதை உடனே துடைத்துவிடலாம். இடைவெளியையும் அதுவே நிரப்பிக்கொள்ளும். வெயிலில் மஞ்சளிக்கும் என்பார்கள். கண்ணுக்கடியில் யார் பார்க்கப்போகிறார்கள்?

என் ஓட்டு எபாக்சிக்கே. ஆனால் லூர் முழுவதும் கடைசியில் கெட்டியான எபாக்சி பூச்சு வரப்போகிறதென்றால், ஜெல் சூப்பர் குளூவே போதும். கண்ணைப் பூச்சு பிடித்துக்கொள்ளும். வெறும் வார்னிஷ் என்றால் அந்தத் துணிச்சல் வேண்டாம்.