சான்ட்ரோவின் ரேடியேட்டர் மூடி: பெங்களூரு நெரிசலில் நீண்ட நாள் அனுபவம்

எங்கள் வண்டி 2010 மாடல் சான்ட்ரோ, பெட்ரோல். விவேக் நகரிலிருந்து சில்க் போர்டு சிக்னல் வழியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் ஓடுகிறது. பண்டிகை, விசேஷம் என்றால் கோபிச்செட்டிப்பாளையம். இத்தனை வருஷத்தில் இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டை யாரும் கழற்றியதில்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றியது ஒரு காரணம். ரேடியேட்டர் மூடியைக் கவனித்து வந்தது இன்னொரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

மூடி என்றதும், இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றுகிற திரவமான கூலன்ட் வெளியே வராமல் அடைக்கிற தகடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு வால்வுகள் கொண்ட ஒரு கருவி. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெட்ரோல் இன்ஜினின் சாதாரண வேலை வெப்பமே 90 டிகிரியை ஒட்டித்தான். இடைவெளி எவ்வளவு குறைவு பாருங்கள். எங்கள் மூடியின் தலையில் 0.9 என்று பொறித்திருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.9 பார் (அழுத்தத்தின் அலகு) வரை அது உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே கிட்டத்தட்ட 117 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்திருந்தால் இன்னும் மேலே போகும்.

இது ஏன் முக்கியம் என்றால், ஹெட்டுக்குள் புகை வெளியேறும் வழியை ஒட்டிய இடங்கள் மற்ற இடங்களைவிட அதிகம் சுடும். அழுத்தம் குறைந்தால் முதலில் அங்கேதான் குமிழி கட்டும். நீராவிக்கு வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிற திறன் திரவத்துக்கு இருப்பதில் கொஞ்சம்தான். டாஷ்போர்டில் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவில் நிற்கும்போதே ஹெட்டின் ஒரு மூலை வெந்துகொண்டிருக்கலாம்.

அழுத்தம் 0.9-ஐத் தாண்டினால் பெரிய ஸ்பிரிங் அமுங்கி, மிகுதிக் கூலன்ட் சின்ன டியூப் வழியாகப் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போகும். வண்டி ஆறும்போது உள்ளே கூலன்ட் சுருங்கி வெற்றிடம் உண்டாகும். அப்போது மூடியின் நடுவில் இருக்கிற குட்டி வால்வு திறந்து, பாட்டிலில் உள்ளதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். போவதும் வருவதும் ஒழுங்காக நடந்தால் தினமும் காலையில் பாட்டில் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும்.

சில வருஷம் ஓடிய பிறகு ஒரு கோடையில் இந்தக் கணக்கு பிசகியது. மாலையில் பாட்டில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கும், மறுநாள் காலையிலும் இறங்காது. ரேடியேட்டரைத் திறந்தால் கழுத்து வரை இருக்க வேண்டிய கூலன்ட் கீழே கிடக்கும். நெரிசலில் நின்றால் முள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் இரண்டையும் மாற்ற வேண்டும், ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகப்படுகிறோம் என்று ஒரு பெரிய எஸ்டிமேட் கொடுத்தார்கள். மூடியை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதில்தான் எனக்கு இன்னமும் வருத்தம்.

அப்புறம் அல்சூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது வரச் சொல்லியிருந்தார். பானெட்டைத் தூக்கியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத்தான் முதலில் பார்த்தார். அது சப்பையாக ஒட்டிக் கிடந்தது. "சார், பம்ப்பை அப்புறம் பார்க்கலாம். மூடி மூச்சு விடலை, அதான் ஹோஸ் இப்படி அமுங்குது" என்றார். மூடியைத் திருகி எடுத்ததுமே ஹோஸ் உப்பிக்கொண்டு பழைய உருவத்துக்கு வந்தது.

"எத்தனை தாங்குதுன்னு பார்த்துடலாமாண்ணே?" என்று கேட்டேன். கைப்பம்ப்பும் மீட்டரும் உள்ள ஒரு கருவியில் மூடியை மாட்டி அடித்தார். முள் 0.5 வரை போய் அதற்கு மேல் நிற்காமல் இறங்கிவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மூடியைக் கவிழ்த்து, குட்டி வால்வை நகத்தால் இழுக்கச் சொன்னார். லேசாக இழுத்தால் வந்து, விட்டால் சட்டென்று உட்கார வேண்டிய வால்வு, பச்சை நிற உப்பு படிந்து இறுகியிருந்தது. புது மூடி போட்டோம், குறைந்த கூலன்ட்டை நிரப்பினோம். முள் பழையபடி நடுவில் நின்றது. அந்த எஸ்டிமேட்டுக்கு வேலையே இல்லாமல் போனது.

அன்று கடையில் கம்பெனி மூடி இல்லாததால் போட்டது பெயர் தெரியாத மூடி. ஒரு வருஷத்துக்குள் அதன் ரப்பர் இறுகி, ஓரத்தில் விரிசல் விட்டது. அடுத்து வாங்கிய கம்பெனி மூடி பல வருஷம் உழைத்தது. விலை வித்தியாசம் ஒரு வேளை டிபன் செலவுதான். இதில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

நல்ல மூடியின் அருமை எனக்கு நன்றாகத் தெரிவது திம்பம் மலைப்பாதையில்தான். ஊரிலிருந்து திரும்பும்போது பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் லாரி ஊர்ந்தால் நாமும் முதல் கியர், இரண்டாம் கியர் என்று ஊர வேண்டும். எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் மட்டுமே துணை. வீட்டில் நான்கு பேரும் மூட்டை முடிச்சுமாக, ஏசி போட்டு ஏறியும் முள் அசையவில்லை. மேலே டீ குடிக்க நிறுத்தும்போது பாட்டிலில் ஒரு விரற்கடை ஏறியிருக்கும், பெங்களூரு வந்து ஆறியதும் இறங்கிவிடும்.

பராமரிப்பு என்று நான் செய்வது சொற்பம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, வண்டியை எடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து, ஈரத் துணியால் ரப்பரையும் ரேடியேட்டரின் கழுத்தில் அது உட்காரும் விளிம்பையும் துடைப்பேன். அந்த விளிம்பில் சிறு துரும்பு இருந்தாலும் அழுத்தம் கசியும். கூலன்ட் கலக்க எங்கள் தெரு போர்வெல் தண்ணீரைத் தொடுவதே இல்லை, அவ்வளவு உப்பு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அல்லது ஏற்கெனவே கலந்து விற்கும் கூலன்ட்தான். தரையில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். தெரு நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்கவே கூடாது. அழுத்தம் போன அந்த நொடியே, அதுவரை கொதிக்காமல் இருந்த திரவம் மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். துணி சுற்றிக்கொண்டு திறக்கலாம் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மேல் ஹோஸ் கைக்கு ஆறும் வரை காத்திருங்கள். ஆபீஸுக்குத் தாமதமானாலும் பரவாயில்லை.

இன்னொன்று. பாட்டிலிலிருந்து கூலன்ட் திரும்பவில்லை என்றால் மூடிதான் காரணம் என்று முடிவு கட்டவும் முடியாது. இடையில் ஓடும் சின்ன டியூபில் வெடிப்பு இருந்தாலும், பாட்டிலுக்குள் அதன் முனை கூலன்ட்டில் முங்காமல் இருந்தாலும், உள்ளே காற்றைத்தான் இழுக்கும். டியூபைப் பார்த்தாகிவிட்டது, மூடியும் புதிது, அப்படியும் கூலன்ட் குறைகிறது அல்லது பாட்டிலில் விடாமல் குமிழி வருகிறது என்றால் அப்போது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

மூடி வாங்க ஜே.சி. ரோட்டுக்குப் போகிறவர்கள் பழைய மூடியைக் கையோடு கொண்டுபோங்கள். எண் ஒன்றாக இருந்தால் போதாது, ரப்பர் வரைக்குமான ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். 0.9 இருக்கிற இடத்தில் 1.1 போட்டால் இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம், பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டாங்கும் அந்தக் கூடுதல் அழுத்தத்தில் வெடிக்கலாம். இப்போது வருகிற பல வண்டிகளில் ரேடியேட்டர் மேல் மூடியே இருக்காது, கூலன்ட் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியிலேயே வால்வு இருக்கும். அதற்கும் ரப்பரைத் துடைப்பது, ஆறிய பிறகே திறப்பது எல்லாம் இதே மாதிரிதான்.