“கஸ்டம் ஆர்டர்” என்ற ஒரு சொல்லை நம்பி 7,200 டாலரை இழந்தேன்

1960களின் லுட்விக் டிரம் செட் ஒன்றை வாங்க வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். மூன்று வாரங்களுக்கு முன் நான் 7,200 டாலர் கொடுத்து ஒன்றை வாங்கினேன். அந்தப் பணம் இனித் திரும்பி வராது என்பது நேற்றுக் காலைதான் உறுதியாயிற்று.

நான் வசிப்பது லுட்விக் டிரம்கள் உருவான சிகாகோவின் புறநகரில். இந்த ஊரில் செய்த செட் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் ஆறு வருட ஆசை. பக்கத்து மாநிலத்தில், பழைய இசைக்கருவிகளை மட்டுமே விற்கும் கடை ஒன்றில் 1964ஆம் ஆண்டு செட் இருப்பதாக அறிந்து நான்கு மணி நேரம் கார் ஓட்டிச் சென்றேன். ஊதா நிற ஸ்பார்க்கிள் ரேப் (டிரம்மைச் சுற்றி ஒட்டும் மினுமினுப்பான பிளாஸ்டிக் உறை) போட்ட செட் அது. அன்றைய கேட்டலாக்கிலேயே இல்லாத அந்த நிறத்தை, நடன இசைக்குழு ஒன்றின் டிரம்மர் கூடுதல் பணம் கட்டித் தொழிற்சாலையில் சொல்லி “கஸ்டம் ஆர்டராக”ச் செய்வித்தார் என்றும், இதைப் போல் இன்னொன்று உலகில் கிடையாது என்றும் கடைக்காரர் சொன்னார். பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் 1963 லுட்விக் செட் 2015இல் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கும் மேல் போனதையும் நினைவூட்டினார். அந்த விலை ரிங்கோவின் கைபட்டதற்கும், அதை நிரூபிக்க முடிந்ததற்கும் கிடைத்த விலை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அவர் என்னை அவசரப்படுத்தவே இல்லை. காபி கொடுத்தார், ஒரு மணி நேரம் வாசிக்கவிட்டார், “வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள், உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்” என்றார். அந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன். வங்கி மூலம் நேரடியாக அனுப்பினால் விலையில் கொஞ்சம் குறைப்பதாகச் சொன்னதும், கார்டை உள்ளே வைத்துவிட்டு 7,200 டாலரை அங்கேயே நின்று அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் தோல் மாற்றுவதற்காக, தரையில் கால்களில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமைக் கழற்றினேன். உள்விளிம்பில் விரலை ஓட்டியபோது வழுவழுவென்று இருந்தது, வளையம் இல்லை. அறுபதுகளின் லுட்விக் ஷெல் (டிரம்மின் மர உடல்) மூன்றடுக்கு மரத்தால் ஆனது, இரு விளிம்புகளிலும் வலுவூட்டும் வளையம் இருக்கும். வளையமில்லாத ஆறடுக்கு ஷெல் எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகே வந்தது. பதறிப்போய், தோலை இறுக்கும் திருகு பொருந்தும் உலோகப் பாகமான லக் ஒன்றைக் கழற்றினேன். ஊதா ரேப்பின் அடியில் சிவப்பு நிறப் பழைய ரேப் எட்டிப் பார்த்தது; பக்கத்திலேயே மரத்தூள் பசையால் அடைத்த ஒரு துளை. பாஸ் டிரம்மின் உள்ளே சிவப்பு மையில் இருந்த தேதி முத்திரையை ஈரத்துணியால் தொட்டேன். அறுபது வருடப் பழைய மை என் விரலில் ஒட்டிக்கொண்டது.

கடைக்கு அழைத்தேன். வளையம் இல்லையே என்றதற்கு, “கஸ்டம் ஆர்டர், வாடிக்கையாளர் அப்படிக் கேட்டிருப்பார்” என்றார்கள். துளைக்கும் அதே பதில். சிவப்பு ரேப்புக்கு, தொழிற்சாலையிலேயே நிறத்தை மாற்றியிருப்பார்கள் என்றார்கள். அசலுக்கு ஒவ்வாத எதைக் காட்டினாலும் அதை அபூர்வமாக மாற்றிவிடுவதற்கு இந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது. அந்தக் கதையே அதற்காகத்தான் புனையப்பட்டது என்று இப்போது புரிகிறது. பிறகு ஊழியர் ஒருவர், முதலாளி வெளியூரில் இருப்பதாக இரண்டு முறை சொன்னார். மூன்று மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. நேற்று வந்த ஒற்றை வரி, ரசீதின் அடியில் “உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது” என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கச் சொன்னது. வங்கியோ, நானே விரும்பி அனுப்பிய தொகையைத் திருப்ப வழியில்லை என்று கைவிரித்துவிட்டது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன்: மூன்று வெவ்வேறு செட்டுகளிலிருந்து சேர்த்தது, உதிரி பாகங்களாக விற்றால் 1,500 டாலர் தேறலாம் என்றார். நான் கொடுத்தது 7,200.

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனநிலை இல்லை. தோலைக் கழற்றி உள்ளே பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். டிரம்மின் மேலுள்ள பெயர்த்தகடான பேட்ஜில் உள்ள வரிசை எண்ணை மட்டும் வைத்து ஆண்டை நம்பாதீர்கள். அறுபதுகளில் அந்த எண்கள் ஒழுங்கான வரிசையில் பொருத்தப்படவில்லை, பேட்ஜையும் மாற்றிவிட முடியும். கஸ்டம் ஆர்டர் என்றால் அதற்கான அசல் ஆவணத்தைக் கேளுங்கள். எனக்குப் பிளாஸ்டிக் உறைக்குள் காட்டியது ஒரு நகல். பணத்தைக் கார்டில் மட்டும் கட்டுங்கள்.

இன்று காலை அதே கடை இன்னொரு செட்டை விற்பனைக்கு வைத்திருக்கிறது. இந்த முறை பச்சை நிறம், 1965ஆம் ஆண்டு, “கஸ்டம் ஆர்டர், ஒன்றே ஒன்று”, விலை 6,900 டாலர். படத்தில் ஃப்ளோர் டாமின் உட்புறம் எங்கும் காட்டப்படவில்லை.