நாலு பாட்டில் வாசனைப் பயிற்சி கிட்: 14 வாரம் கழித்து எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சளிக்கும் மூக்கடைப்புக்கும் இதை வாங்காதீர்கள், இது அதற்கானது இல்லை, வாசனையே தெரியாமல் போனவர்கள் தினமும் முகர்ந்து மூக்கைத் திரும்பப் பழக்குவதற்கானது. என் அப்பா கும்பகோணத்தில் கல்யாண சமையல் மாஸ்டர். போன வருடம் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்ததில் பின்மண்டையில் அடி. ஸ்கேன் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா, வெறும் புளித்தண்ணியா இருக்கு" என்றார். அம்மா வைத்த ரசம், பெருங்காயமும் மல்லித்தழையும் தெருவரை மணந்தது.

அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டர்தான் விளக்கினார். மூக்கின் உச்சியில் சல்லடை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது, வாசனை நரம்பின் இழைகள் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மேலே மூளைக்குப் போகின்றன, தலை மோதும்போது மூளை குலுங்கினால் அந்த இழைகள் அறுந்துபோகலாம். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மாதிரி சிலதுதான் தெரியும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம். காரம் மட்டும் அப்பாவுக்கு அப்படியே இருந்தது, ஏனென்றால் அது எரிச்சல்.

சரி, கிட்டுக்கு வருகிறேன். விலை ஆயிரத்துச் சொச்சம். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் நாலு: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மெல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே நாலு வாசனைதான், காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, 12 வாரம். ஒவ்வொன்றையும் இருபது விநாடி போல முகர்ந்து, அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று மனதில் கொண்டுவரப் பார்க்க வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கிறது, எண்ணெய் ஒழுகவில்லை. ஆனால் இரண்டாம் மாதமே எலுமிச்சை செத்துவிட்டது, என் மூக்குக்கே எதுவும் எட்டவில்லை. விளக்கத்தாள் முழுக்க ஆங்கிலம், நான்தான் தமிழில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

எனக்குக் கோபம் வந்தது பெட்டியில் போட்டிருந்த "30 நாளில் மாற்றம்" என்ற வாசகத்தைப் பார்த்துத்தான். வைரஸ் காய்ச்சலில் வாசனை போனவர்களைவிடத் தலையில் அடிபட்டவர்களுக்குத் திரும்பி வருவது குறைவு, நிறைய பேருக்கு வருவதே இல்லை. முப்பதாம் நாள் காலையில் அப்பா பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று, யூகலிப்டஸ் பாட்டிலைத் திறந்த முதல் நாளே "வருது, வருது" என்றார், வீடே சந்தோஷப்பட்டது. அது வாசனை இல்லையாம், மூக்கில் ஜில்லென்று ஏறும் உணர்வுதான், அதைக் கொண்டுபோவது வேறு நரம்பு. இதைத் தாளில் ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் ஏமாந்திருக்க மாட்டோம்.

இதற்கிடையில் அவர் சமையலே மாறிவிட்டது. முன்பு கையை வீசி மசாலாவைப் போட்டு மணத்தை வைத்தே நிறுத்துகிறவர், இப்போது கடுகு அடங்கும் சத்தத்துக்குக் காது கொடுக்கிறார், வெங்காயத்தின் நிறத்தைக் குனிந்து பார்க்கிறார். மணம் இல்லாத வாய்க்கு என்ன கொடுப்பது என்று யோசித்து அவரே ஒன்று செய்தார்: பச்சை வாழைத்தண்டை நூல் போல அரிந்து, கிளிமூக்கு மாங்காய், கெட்டித் தயிர், மேலே வறுத்த மோர்மிளகாயை நொறுக்கிப் போட்டு ஒரு பச்சடி. நறுக்கென்று கடிபடுவதும், புளிப்பும், குளிர்ச்சியும், கடைசியில் காரமும். முப்பது வருடச் சமையலில் அவர் இப்படி ஒன்று செய்து நான் பார்த்ததில்லை. போன முகூர்த்தத்தில் இரண்டாம் பந்தி வருவதற்குள் தீர்ந்துபோனது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். பயிற்சிக்கு முழு மதிப்பெண், குறைத்தது பெட்டியில் இருக்கும் பொய்க்காக. வாங்குகிறவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், வாங்கும் அன்றே சமையலறையில் கேஸ் கசிவு அலாரம் ஒன்றும் மாட்டிவிடுங்கள், எங்கள் வீட்டில் அணைந்த அடுப்பு அரை மணி நேரம் திறந்தே இருந்திருக்கிறது.

பதினோராம் வாரம் கிராம்பு லேசாக வந்தது, "பல்வலிக்கு வைப்போமே, அது" என்றார். ரோஜா இல்லை. தீர்ந்த எலுமிச்சைப் பாட்டிலைக் கழுவிக் கட்டிப் பெருங்காயம் போட்டு வைத்திருக்கிறார். அதுவும் இன்னும் வரவில்லை, தினமும் கடைசியாக அதைத்தான் திறக்கிறார்.