பாஷ் ரெயில் பிரஷர் சென்சார்: மாற்றும் முன் மீட்டரை வைத்துப் பாருங்கள்

லாரி ஏற்றத்தில் இழுக்கவில்லை, ஸ்கேனரில் எஸ்பிஎன் 157 (ரெயில் அழுத்தம் பற்றிய பிழை எண்) வந்திருக்கிறது என்றதும் பல பட்டறைகளில் முதலில் கழற்றுவது இந்தச் சென்சாரைத்தான். பாஷ் காமன் ரெயில் டீசல் லாரிகளில், எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக்குழாயான ரெயிலில் ஹைபிரஷர் பம்ப் ஏற்றித் தரும் அழுத்தத்தை அளந்து, எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியான இசிஎம்முக்குச் சொல்வது இதன் வேலை. பொருள் தரமானது. அது தானாகக் கெடுவதைவிடக் காரணமின்றி மாற்றப்படுவதே அதிகம்.

உள்ளே ஒரு எஃகுத் தகடு, அதன்மேல் ஸ்ட்ரெய்ன் கேஜ். டீசல் அழுத்தத்தில் தகடு துளி வளைய, மின்தடை மாறி வோல்டேஜாக வெளியே வருகிறது. மூன்றே பின்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது சிக்னல் 0.5 வோல்ட், சென்சாரின் முழு அளவில் 4.5. 1800 பார் (அழுத்த அலகு) வரை அளக்கும் சென்சார் என்றால் ஒரு வோல்ட்டுக்கு 450 பார். ஐட்லிங்கில் 300 பார் இருந்தால் மீட்டர் ஏறக்குறைய 1.17 வோல்ட் காட்ட வேண்டும்.

எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் விட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து சிக்னலைப் பாருங்கள். 0.5 வோல்ட் பக்கத்தில் இருந்தால் பூஜ்யப் புள்ளி சரி. இரவு முழுக்க நின்ற வண்டியிலும் ஸ்கேனர் 50, 60 பார் காட்டினால் சென்சாரின் பூஜ்யப் புள்ளி விலகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். சப்ளையில் 5 வோல்ட்டே வரவில்லையென்றால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். அதே லைனைப் பகிரும் இன்னொரு சென்சார் ஷார்ட் ஆகி வோல்டேஜை இழுத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்து வயரிங். கம்மின்ஸ் ஐஎஸ்பிஇ போன்ற எஞ்சின்களில் சென்சாரின் கப்ளரைக் கழற்றினால் எஃப்எம்ஐ (பிழையின் வகையைச் சொல்லும் எண்) 3, அதாவது வோல்டேஜ் அதிகம் என்ற பிழைக் குறியீடு வர வேண்டும். வண்டிப் பக்கக் கப்ளரில் சிக்னலையும் எர்த்தையும் இணைத்தால் எஃப்எம்ஐ 4-க்கு, அதாவது வோல்டேஜ் குறைவு என்பதற்கு மாற வேண்டும். இரண்டும் ஒழுங்காக மாறினால் வயரும் இசிஎம்மும் நலம். எஃப்எம்ஐ 2, அதாவது சிக்னல் தாறுமாறு என்பது விட்டுவிட்டு வந்தால் கப்ளர் பின்னைப் பாருங்கள்: அதிர்வில் தேய்ந்து பிடி தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே டீசல் ஈரம் இருக்கும்.

அழுத்தம் குறைவு என்ற புகாரில் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. அடைத்த ஃபில்டர், சக்ஷன் லைனில் காற்று, ரிட்டர்னில் அதிகம் விடும் இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்த்த பிறகு பம்புக்கு வாருங்கள். பாஷின் சிபி3 ரக ஹைபிரஷர் பம்பின் மேலுள்ள மீட்டரிங் யூனிட் சென்சார் அல்ல, வால்வு. பம்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. சுருளின் தடை பொதுவாக 3 ஓம் அளவில் இருக்கும். இந்த வகைகளில் கரண்ட் இல்லாவிட்டால் அது திறந்தே நிற்கும். அதனால் அதன் வயர் அறுந்தால் அழுத்தம் குறையாது, எகிறும்.

இந்தச் சென்சாரில் எனக்கு உள்ள பெரிய குறை, வெளித்தோற்றத்தை வைத்து அளவு சொல்ல முடியாது என்பதே. 1500 பாரும் 1800 பாரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கலாம். 0281 என்று தொடங்கும் பத்து இலக்க எண்ணைத்தான் நம்ப வேண்டும். 1800 வேண்டிய இடத்தில் 1500 மாட்டினால், ரெயிலில் 1000 பார் இருக்கும்போதே இசிஎம் 1200 என்று படித்து அழுத்தத்தைக் குறைத்துவிடும், வண்டி மந்தமாகும். 1500 வேண்டிய இடத்தில் 1800 மாட்டினால் ஆபத்து: இசிஎம் 1000 என்று நினைத்துக்கொண்டிருக்க, ரெயிலில் 1200 பார் ஓடும். எரிதல் சத்தம் கடுக்கும், இன்ஜெக்டர் அடி வாங்கும். பிழைக் குறியீடு எதுவும் வராமலே இது நடக்கலாம். எண் அழிந்த அல்லது எண்ணே இல்லாத மலிவுச் சரக்கை வாங்க வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மாட்டும்போது சுத்தம் முக்கியம். சீல் ஆவது உலோக விளிம்பு நேராக உலோகத்தில் கடித்து. காப்பர் வாஷரோ டெஃப்லான் டேப்போ வைத்தால் கசியும். ஸ்பேனர் அறுகோணத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் படக்கூடாது. எம்12 திருகுக்கு 35, எம்18-க்கு 70 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் வரும். உங்கள் எஞ்சின் மேனுவல் சொல்வதே இறுதி. எஞ்சின் ஓடும்போது கசிவைக் கைவைத்துத் தேடாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பாருங்கள், ஈரம் பட்ட இடம் காட்டிக்கொடுக்கும்.