நிறுவனப் பூட்டுடன் வந்த திங்க்பேட்: இரண்டரை ஆண்டு அனுபவம்

ஆடி முடியும் தறுவாயில்தான் அழைப்பிதழ் வடிவமைப்பவர்களுக்கு வேலை குவியும். 2023இல் அந்த நேரம் பார்த்து என் கணினி படுத்துவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் 21,000 ரூபாய் கொடுத்து, ஏதோ ஒரு நிறுவனத்தில் உழைத்துக் கழிந்த லெனோவோ திங்க்பேட் டி480 மடிக்கணினியை வாங்கிவந்தேன். எட்டாம் தலைமுறை ஐ5 செயலி, 16 ஜிபி நினைவகம். விசைப்பலகையில் விரல் வைத்ததுமே பிடித்துப்போனது.

மறுநாள் ஒரு மணப்பெண்ணின் அப்பா பென் டிரைவில் படங்களோடு வந்து உட்கார்ந்தார். செருகினேன், அனுமதி இல்லை என்றது. திரைப் படத்தை மாற்ற முடியவில்லை. குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்றிருந்தது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலோ அதே செய்தி சிவப்பு எழுத்தில். கடைசியாக அப்டேட் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. படங்களை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்லி அன்றைய வேலையை முடித்தேன்.

விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டால், “ஒரு ஃபைல் அனுப்புகிறேன் அண்ணே, ஓட்டிவிடுங்கள், எல்லாம் திறந்துவிடும்” என்றார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஃபைலை நிர்வாகி உரிமையோடு ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியை நானே திறந்தேன். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ் என்று இறங்கினால் விண்டோஸ் அப்டேட்டுக்கான கட்டளை கிடைத்தது: ஒரு சர்வரின் பெயர், இறுதியில் 8530 என்ற எண். நிறுவனங்கள் தங்கள் கணினிகளுக்குத் தாங்களே அப்டேட் வழங்க வைத்திருக்கும் சர்வரின் வாசல் எண் அது. அந்த அலுவலகத்தைவிட்டு வந்து பல மாதமாகியும், கணினி அப்டேட் கேட்டு அந்த வாசலையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சர்வரோடு தொடர்பு அறுந்தாலும் அது கடைசியாகச் சொன்ன கட்டளைகள் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும் என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்த வரிகளை அழித்தேன். பென் டிரைவ் திறந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி மூடிக்கொண்டது. நிறுவனத்தின் நிர்வாக மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்து, அழித்ததைத் திரும்ப எழுதியிருந்தது. அதைத் தேடும்போது முந்தைய ஊழியரின் கோப்புறையும் கண்ணில் பட்டது; சம்பளச் சீட்டு என்று பெயரிட்ட கோப்புகள். நான் திறக்கவில்லை. வட்டை முழுதாகத் துடைக்காமல் விற்றவர்கள்மீது கோபம்தான் வந்தது.

ஆகவே ஒவ்வொரு பூட்டாகக் கழற்றும் வேலையைக் கைவிட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக் கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுத்து 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை ஏற்றிக்கொண்டேன். எஃப்12 அழுத்தி அதிலிருந்து தொடங்கி, வட்டின் பழைய பகுதிகள் அனைத்தையும் நீக்கிப் புதிதாக நிறுவினேன். உரிம எண் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்தான் பயாஸ்; தொழிற்சாலையிலேயே அதில் பதித்த விண்டோஸ் புரோ உரிமத்தை நிறுவும் மென்பொருளே படித்துக்கொண்டது. இணையம் கிடைத்ததும் செயல்படுத்திக்கொண்டது.

வைஃபை இணைத்த அந்த நிமிடம்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளை இணையம் வழியே அமைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் என்று ஒன்று உண்டு. கணினியின் வன்பொருள் அடையாளத்தை நிறுவனம் மைக்ரோசாஃப்டிடம் பதிந்திருந்தால், எத்தனை முறை துடைத்து நிறுவினாலும் முதல் திரையில் அந்த நிறுவனத்தின் பெயர் வந்து அலுவலக மின்னஞ்சல் கேட்கும். பதிவை நீக்க வேண்டியவர் பழைய உரிமையாளர்தான். என் மைத்துனர் வேறொரு கடையில் வாங்கியது அப்படித்தான் நின்றது. மூன்று வாரம் அலைந்து திருப்பிக் கொடுத்தார். என்னுடையதில் வழக்கமான திரையே வந்தது.

பயாஸும் கடவுச்சொல் கேட்காமல் திறந்தது என் அதிர்ஷ்டம். திங்க்பேட்டில் பயாஸைப் பூட்டும் சூப்பர்வைசர் கடவுச்சொல் தெரியாவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் பதில். வாங்கும்போது கடையிலேயே கணினியைத் தொடங்கி, உடனே எஃப்1 அழுத்திப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

அப்டேட் அடைபட்டுக் கிடந்ததால் இன்னொரு ஆபத்தும் இருந்திருக்கிறது. 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட்களில், டி480 உட்பட, யுஎஸ்பி-சி வாயை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் (சில்லுக்குள் பதிந்த மென்பொருளில்) ஒரு பிழை; அந்த வாயில் சார்ஜ் ஏறாமலே போய்விடும். லெனோவோ எப்போதோ வெளியிட்ட திருத்தம் என் கணினிக்கு வந்தே சேரவில்லை. விண்டோஸ் நிறுவிய அன்றே அதை ஏற்றினேன். இன்றுவரை அந்த வாயில்தான் சார்ஜ் போடுகிறேன்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10 ஆதரவு முடிவதற்குள் 11க்கு மாறினேன். செயலி எட்டாம் தலைமுறையாக இருந்ததால் தடையில்லை. வெளி பேட்டரியை ஒருமுறை மாற்றினேன். உள் பேட்டரி இப்போது நாற்பது நிமிடம்தான் தாங்குகிறது, அதையும் தை முகூர்த்தம் முடிந்ததும் மாற்ற வேண்டும். மூடியில் பழைய நிறுவனத்தின் பார்கோடு ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் இன்னும் லேசாகத் தெரிகிறது. யார் பென் டிரைவ் கொண்டுவந்தாலும் திறக்கிறது.