பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை: கேமரா எங்கே வாங்குவது?

ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்றைத் தேடினால் திரையில் இரண்டு விலை வரும். அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் 2,36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் கீழே போனால் அதே பாடி, அதே படம், 2,05,000. பக்கத்திலேயே ‘இம்போர்ட்டட், சீல்டு பாக்ஸ், ஒரு வருட ஷாப் வாரண்டி’ என்று போட்டிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் அதிலும் இரண்டாயிரம் குறைப்பார்கள். கல்யாண சீசன் நெருங்கும்போது தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: “அண்ணே, 31,000 மிச்சமாகுதே, எடுத்துடலாமா?” எந்த மாடல் என்று நான் கேட்பதில்லை. “ஜிஎஸ்டி நம்பர் இருக்கா? கடைக்காரர் என்ன பில் தர்றார்?” என்றுதான் முதலில் கேட்பேன்.

ஒரு பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். கிரே, அதாவது கம்பெனி அங்கீகரித்த வழியில் இல்லாமல் வேறு வழியில் இறக்குமதியாகும் சரக்கு என்றால், டூப்ளிகேட் இல்லை. நிக்கானின் பாடி தாய்லாந்தின் அயுத்தயா ஆலையிலிருந்து இந்தியாவுக்கும் வருகிறது, ஹாங்காங்குக்கும் போகிறது. உள்ளே இருக்கும் சென்சாரோ ஷட்டரோ மாறுவதில்லை. விலைதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஹாங்காங்கில் விற்பனை வரியே கிடையாது. துபாயில் 5 சதவீதம், சிங்கப்பூரில் 2024 முதல் 9 சதவீதம். நம் ஊரில் டிஜிட்டல் கேமராவுக்கு 2018 முடியும்வரை 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2019 ஜனவரியிலிருந்து 18. இந்திய நிறுவனத்தின் லாபம், சர்வீஸ் சென்டர்கள் நடத்தும் செலவு, பல சமயம் அந்த வரி ஆகியவற்றைத் தாண்டி வருவதுதான் கிரே சரக்கு. மலிவில் மர்மம் ஒன்றுமில்லை.

சட்டப்படி குற்றமா என்று அடுத்து கேட்பார்கள். இங்கேதான் இரண்டு வேறு சரக்கை ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 2012-இல் கபில் வாத்வா – சாம்சங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, வெளிநாட்டில் முறையாக விற்கப்பட்ட அசல் பொருளை இறக்குமதி செய்து இங்கே விற்பது வர்த்தகக்குறி மீறல் ஆகாது என்றது. அது பிரிண்டர் வழக்கு. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: இது இறக்குமதிச் சரக்கு, இதற்கு வாரண்டியும் சர்வீஸும் சாம்சங் தராது என்று கடையில் பளிச்சென்று எழுதி வைக்க வேண்டும். ஆக, சுங்கம் கட்டி, ஜிஎஸ்டி பில் போட்டு, ‘கம்பெனி வாரண்டி இல்லை’ என்று சொல்லி விற்பவர் ஒரு ரகம். குருவிகள் (வெளிநாட்டிலிருந்து சரக்கைச் சுமந்து வருபவர்கள்) வரி கட்டாமல் பையில் கொண்டுவந்ததை, ஜிஎஸ்டி பில் இல்லாமல் எஸ்டிமேட் சீட்டில் எழுதித் தருபவர் இன்னொரு ரகம். இணையத்தில் இரண்டு பேருடைய விளம்பரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் முதல் ரகத்தில் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. பெரிய தள்ளுபடி என்றாலே வரி எங்கோ விடுபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த 31,000-ஐப் பிரித்துப் பார்ப்போம். டீலரின் 2,36,000-இல் பொருளின் விலை 2,00,000, ஜிஎஸ்டி 36,000. ஸ்டுடியோ ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால், வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் 18 சதவீதத்தில் இந்த 36,000-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அப்படியானால் உங்கள் கையிலிருந்து உண்மையில் போனது இரண்டு லட்சம். எஸ்டிமேட் சீட்டில் வாங்கியவர் கொடுத்ததோ 2,05,000, அதில் கழிக்க எதுவும் இல்லை. மலிவு என்று வாங்கியது ஐயாயிரம் கூடுதலாக முடிகிறது. வருமான வரியில் கேமராவுக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் காட்டலாம்; அதற்கும் பில் வேண்டும். இதைச் சொன்னதும் முகம் மாறாத ஸ்டுடியோக்காரரை நான் பார்த்ததில்லை.

சில ஆன்லைன் கடைகள் ‘பில் உண்டு’ என்பார்கள். பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் கடையோடு பொருந்துகிறதா, பதிவு உயிரோடு இருக்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மறு மாதம் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பியில் (விற்றவர்கள் பதிந்த பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்) அந்த பில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அந்தக் காகிதத்தை வைத்து வரி கழிக்க முடியாது. பில்லில் பாடியின் சீரியல் எண் இருக்கட்டும். மண்டபத்தில் பை தொலைந்தால் காவல் நிலையத்தில் கேட்பதும் இன்சூரன்ஸ்காரர் கேட்பதும் அந்த எண் போட்ட பில்லைத்தான்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்குக் கணக்கு வேறு. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிறவர்களுக்கும், ஆசைக்காகப் படம் எடுப்பவர்களுக்கும் 31,000 நிஜமான மிச்சம். அவர்களுக்கு எதிரே நிற்பது சர்வீஸ் ஒன்றுதான். ‘ஷாப் வாரண்டி’ என்பதன் பொருள், கடைக்காரர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்து தருவார் என்பது. கடை இருக்கும்வரை அது செல்லும். ஷட்டர், ஹாட் ஷூ (ஃபிளாஷ் மாட்டும் இடம்), ரப்பர் கிரிப் போன்ற வேலைகளுக்குச் சென்னை ரிச்சி தெருப் பக்கம் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மெயின்போர்டோ சென்சாரின் ஸ்டெபிலைசேஷனோ (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு) போனால் கம்பெனி உதிரிபாகம் வேண்டும், கம்பெனியின் மென்பொருளில் அளவு சரிசெய்யவும் வேண்டும். அமெரிக்காவில் நிக்கான் கிரே பாடியைப் பணம் கொடுத்தாலும் பழுது பார்க்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இங்கே பணம் கட்டினால் பார்ப்பார்களா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. வாங்கிய பிறகு விசாரிப்பதைவிட, வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

பர்மா பஜார் பார்த்து வளர்ந்த சென்னைக்கு இந்த வியாபாரம் புதிதில்லை. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் உருவான அந்தக் கடை வரிசையில் வெளிநாட்டு கேமரா வாங்கிய தலைமுறை நமக்கு முன்னால் இருக்கிறது. அங்கே பாக்ஸைப் பிரித்து, பாடியைக் கையில் பிடித்து, பேரம் பேசி வாங்கினார்கள். மறுநாள் போனாலும் கடைக்காரர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஆன்லைன் கிரேயில் அந்த வசதியும் போய்விட்டது. விலை மட்டும் பஜார் விலை.

நேரில் பார்க்க முடியாது என்பதால் பட்டியலில் தெரியும் அடையாளங்களைத்தான் நம்ப வேண்டும். பெயரே பல சமயம் காட்டிக்கொடுக்கும். கேனான் இங்கே 200டி மார்க் 2 என்று விற்பது ஐரோப்பாவில் 250டி, அமெரிக்காவில் ரெபல் எஸ்எல்3, ஜப்பானில் கிஸ் எக்ஸ்10. நம் ஊர் 1500டிக்கு அமெரிக்கப் பெயர் ரெபல் டி7. விளம்பரத்தில் ‘ரெபல்’, ‘கிஸ்’ என்று இருந்தால் மேற்கொண்டு கேள்வியே வேண்டாம், கிரேதான். ஜப்பான் சரக்கில் இன்னொரு தொல்லை: சோனி தன் நாட்டுச் சந்தைக்கென்று விற்கும் ஆல்ஃபா பாடிகளில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும். ‘மொழியை மாற்றித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுவது மேல்.

பெட்டி கைக்கு வந்ததும் ஸ்டிக்கரைத் தேடுங்கள். எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011 பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் தயாரானது என்பதும், எல்லா வரிகளும் சேர்ந்த எம்ஆர்பியும், புகார் செய்ய வேண்டிய தொடர்பும் பெட்டியில் ஒட்டியிருக்க வேண்டும். அதில் கேனான் இந்தியா, நிக்கான் இந்தியா, சோனி இந்தியா என்று பிராண்டின் இந்திய நிறுவனம் இருந்தால் அது கம்பெனி சரக்கு. வேறு ஏதோ டிரேடர்ஸ் பெயர் இருந்தால் முதல் ரகக் கிரே. ஸ்டிக்கரே இல்லை என்றால் பையில் வந்தது. 2020-இன் மின்வணிக விதிகளும் இறக்குமதியாளர் விவரத்தை விற்பனைப் பக்கத்திலேயே கேட்கின்றன. அந்த இடம் வெறுமையாக இருந்தாலே யோசிக்க வேண்டும்.

லென்ஸ் விஷயத்தில் நான் இவ்வளவு கறார் இல்லை. பாடியைப் போல அது சீக்கிரம் பழசாவதில்லை, மெனு மொழிப் பிரச்சினை இல்லை, பழுதும் குறைவு. ஜிஎஸ்டி பதிவில்லாதவர் ஒரு விலையுயர்ந்த ஜூம் லென்ஸைக் கிரேயில் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே எச்சரிக்கை, வெள்ளைப் பெட்டி லென்ஸ். கிட்டாக, அதாவது பாடியும் லென்ஸும் ஒரே பெட்டியில் வந்ததைப் பிரித்து, பாடியைத் தனியாகவும் லென்ஸைத் தனியாகவும் விற்பார்கள். லென்ஸில் குறை இருக்காது. ஆனால் மூல பில் பாடியோடு போய்விட்டிருக்கும். மாறாக 50 எம்எம் எஃப் 1.8 மாதிரிச் சின்ன லென்ஸில் மிச்சமாகும் காசு இத்தனை தேடலுக்குத் தகாது. பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு மூன்றையும் கிரேயில் தொடவே வேண்டாம். அங்கே கிரேயும் போலியும் கலந்தே கிடக்கும். முகூர்த்த நேரத்தில் கார்டு படுத்துக்கொண்டால் அதற்கு எந்த வாரண்டியும் பதில் சொல்லாது.

வெளிநாட்டுக் கடையிலிருந்து கூரியரில் வரவழைப்பவர்களும் உண்டு. சுங்கமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் கூரியர் நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்தால் டீலர் விலையைத் தொட்டுவிடும். ‘மதிப்பைக் குறைத்து எழுதி அனுப்புகிறோம்’ என்று சில கடைகள் ஆசை காட்டும். வழியில் பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைத்து எழுதிய மதிப்புக்குத்தான். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவருகிறார் என்றால் அதையும் கணக்குப் போடலாம். 2026 பிப்ரவரி தொடக்கம்வரை இருந்த 2016 பேக்கேஜ் விதிகளில் ஒருவருக்கு 50,000 ரூபாய்வரை வரி இல்லாமல் இருந்தது. அதற்கு மேல் 38.5 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. அங்கே 1,80,000-க்கு வாங்கிய பாடியை முறையாக அறிவித்திருந்தால் அந்த விதிப்படி 1,30,000-க்கு வரி 50,050. மொத்தம் 2,30,050. டீலர் விலைக்கு ஆறாயிரம்தான் குறைவு, இந்திய வாரண்டியும் கிடையாது. குடும்பத்தில் நாலு பேர் வந்தாலும் நாலு பேர் சலுகையை ஒரே கேமராவுக்குச் சேர்க்க விடமாட்டார்கள். வரம்பும் விகிதமும் அவ்வப்போது மாறுபவை, ஆகவே விமானம் ஏறும் முன் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளவும். மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ கல்யாண ஆர்டருக்குப் போகிறவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் கருவிகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுவது நல்லது. திரும்பி வரும்போது ‘இது இங்கேயே வாங்கியது’ என்று நிரூபிக்க அது உதவும். பில் இல்லாத பாடியோடு அந்தக் கவுன்டரில் நின்று பேசுவது சுகமான அனுபவமாக இருக்காது.

பட்ஜெட்தான் பிரச்சினை என்றால் கிரேக்குப் பதிலாக நான் கைகாட்டுவது, இந்திய பில்லோடு வரும் பழைய பாடி. விலை கிரேயை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும், சில சமயம் கம்பெனி வாரண்டியும் மிச்சமிருக்கும். ஷட்டர் எண்ணிக்கையையும் (இதுவரை எத்தனை முறை படம் எடுத்திருக்கிறது) பில்லில் உள்ள சீரியல் எண்ணையும் நேரில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறுபடி விற்கும்போதும் பில் இருக்கும் பாடிதான் முதலில் கைமாறும். இவ்வளவுக்குப் பிறகும் ஆன்லைன் கிரேதான் என்று முடிவெடுத்தால், தனிநபர் கணக்குக்கு யுபிஐயில் முழுப் பணத்தையும் தள்ளாமல் கிரெடிட் கார்டை ஏற்கும் கடையாகப் பாருங்கள். பெட்டியின் சீலை உடைப்பதிலிருந்து சீரியல் எண் தெரியும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். கடைக்காரரோடு சண்டை வந்தால் வங்கியிடம் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.